பிறர் பணத்தைக் கையாளப் பழகுதல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

செல்வ மேலாண்மை, அதாவது வெல்த் மேனேஜ்மென்ட் துறையில் புதிதாக வேலைக்குச் சேர விரும்புவோர் தங்கள் ஐயங்களை எழுதி அனுப்பலாம் என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். எந்தத் தேர்வு எழுத வேண்டும் என்ற கேள்வியே பல கடிதங்களில் இருந்ததால், அதற்கு ஒரே இடத்தில் பதில் சொல்லிவிட்டு, மற்றவற்றுக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். சென்னையில் ஒரு தனியார் வங்கியின் வெல்த் பிரிவில் பயிற்சி நிலை ரிலேஷன்ஷிப் மேனேஜராகச் சேரக் கடிதம் வந்திருக்கிறது. முதல் ஆறு வாரங்கள் வகுப்பு நடக்கும் என்கிறார்கள். அதற்குள் எதைக் கற்றுக்கொண்டு போக வேண்டும்? (வாசகர், கும்பகோணம்)

அந்த ஆறு வாரங்களில் என்ன நடக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நிறுவனம் விற்கும் திட்டங்களின் பட்டியல், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கே.ஒய்.சி. படிவங்கள், கணினி மென்பொருள், தொலைபேசியில் பேசும் முறை, சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கவனிக்க வேண்டியவை, தேர்வுக்கான பாடங்கள் ஆகியவற்றில்தான் பெரும்பாலான நேரம் கழியும். இவையெல்லாம் தேவையானவையே. ஆனால் இவை அனைத்தும் நிறுவனத்தின் மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவை. அந்தப் பக்கம் உட்காரப்போகும் குடும்பத்தைப் பற்றி அந்த வகுப்புகளில் மிகக் குறைவாகவே பேசுவார்கள்.

ஆகவே, வேலையில் சேருவதற்கு முன்னால் உங்கள் வீட்டிலேயே ஒரு பயிற்சியைச் செய்து பாருங்கள். ஒரு முழுத்தாளை எடுத்து நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் குடும்பத்துக்குச் சொந்தமானவை, வலப்பக்கம் குடும்பம் கொடுக்க வேண்டியவை என்று எழுதி, அப்பா அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அதை நிரப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது யார் பெயரில் இருக்கிறது, நாமினி யார், எப்போது முதிர்கிறது, அதன் ஆவணம் வீட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்ற நான்கையும் குறிக்க வேண்டும். புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் வேலை இதுதான். அரை மணி நேரத்தில் முடியும் என்று சிரித்துக்கொண்டே போகிறவர்கள், மூன்று நாட்கள் கழித்தும் பாதித் தாளோடுதான் திரும்பி வருவார்கள்.

ஒருமுறை ஓர் இளைஞர் இடப்பக்கத்தில் ‘நகை 40 பவுன்’ என்று அழகாக எழுதிக்கொண்டு வந்தார். அவற்றில் ஏதாவது அடகில் இருக்கிறதா என்று வீட்டில் கேட்டீர்களா என்றேன். கேட்கவில்லை. மறுநாள் வந்தபோது 40 என்பதை அடித்துவிட்டு, ‘வீட்டில் 18, கூட்டுறவு வங்கியில் 22’ என்று எழுதி, வலப்பக்கத்தில் நகைக்கடன் தொகையையும் சேர்த்திருந்தார். தம்முடைய பொறியியல் படிப்புக்காக அந்த நகைகள் அடகுக்குப் போனது அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்ததாம். பெரியப்பா பெயரில் இருக்கும் மனை, பாதி கட்டிய சீட்டு, யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டது என்று ஒவ்வொரு தாளிலும் இப்படி ஏதாவது ஒன்று வெளியே வரும். பெற்ற பிள்ளையிடமே உடனே சொல்லாத ஒன்றை, அப்போதுதான் அறிமுகமான ஒருவரிடம் ஒரு வாடிக்கையாளர் எத்தனை தயக்கத்தோடு சொல்வார் என்பது அந்தத் தாளை நிரப்பியவருக்கு மட்டுமே புரியும்.

இதற்கு மேல் நேரம் கிடைத்தால், ஒரு மியூச்சுவல் ஃபண்டின் மாதாந்திர விவரத் தாளை எடுத்து ஒரு வரிகூட விடாமல் படியுங்கள். பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2017 அக்டோபரில் ஃபண்டுகளை வகைப்படுத்தியபோது, சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்களைப் பெரிய நிறுவனங்கள் (லார்ஜ் கேப்) என்றும், 101 முதல் 250 வரை உள்ளவற்றை நடுத்தர நிறுவனங்கள் என்றும், 251இலிருந்து தொடங்குபவற்றைச் சிறு நிறுவனங்கள் என்றும் வரையறுத்தது. ‘லார்ஜ் கேப்’ என்ற சொல் எதைக் குறிக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்டால், ‘நல்ல கம்பெனிங்க சார்’ என்று சொல்லாமல் இருக்க இது உதவும்.

கேள்வி: என்.ஐ.எஸ்.எம். தேர்வில் தேறிவிட்டால் நான் முதலீட்டு ஆலோசகர் என்று பெயர்ப்பலகை வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், ஈரோடு)

எந்தத் தேர்வு என்று நீங்கள் குறிப்பிடவில்லை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. செபி உருவாக்கிய கல்வி நிறுவனம்தான் என்.ஐ.எஸ்.எம். அது நடத்தும் பல தேர்வுகளில் புதியவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர்களுக்கான ‘ஐந்து–ஏ’ தேர்வு. 100 கேள்விகள், 2 மணி நேரம், 50 மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, சான்றிதழ் 3 ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு மாதம் ஒழுங்காகப் படித்தால் தேறிவிடலாம். தேறிய பிறகு ஃபண்ட் நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியிடம் ஏ.ஆர்.என். என்னும் பதிவு எண் பெற்றால் ஃபண்டுகளை விநியோகிக்கலாம். நிறுவனத்தில் ஊழியராக இருப்பவர் நிறுவனத்தின் ஏ.ஆர்.என். எண்ணின்கீழ் வேலை செய்வார். விண்ணப்பத்தில் அவரை அடையாளம் காட்டுவதற்கு இ.யு.ஐ.என். என்ற தனி எண் உண்டு.

இவ்வளவும் முடித்தவர் விநியோகஸ்தர் மட்டுமே, ஆலோசகர் அல்லர். முதலீட்டு ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள, 2013ஆம் ஆண்டு வந்த செபியின் முதலீட்டு ஆலோசகர் விதிமுறைகளின்கீழ் தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும். அதற்கான ‘பத்து–ஏ’, ‘பத்து–பி’ தேர்வுகளில் தேர்ச்சிக்கு 60 சதவீதம் வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண்ணும் குறையும். 2024 டிசம்பரில் வந்த திருத்தம் முதுநிலைப் பட்டம், முன் அனுபவம் ஆகிய நிபந்தனைகளைத் தளர்த்தியதோடு, நிகரச் சொத்து காட்ட வேண்டும் என்பதற்குப் பதிலாக வைப்புத்தொகை முறையையும் கொண்டுவந்தது. 150 வாடிக்கையாளர்கள் வரை வைத்திருப்பவர் 1 லட்சம் ரூபாய் வைப்பு காட்டினால் போதும் என்பதால், இளைஞர்களுக்கு இந்தக் கதவு முன்பைவிட அகலமாகவே திறந்திருக்கிறது.

இரண்டு பாதைகளுக்கும் உள்ள வேறுபாடு பெயர்ப்பலகையோடு நின்றுவிடுவதில்லை. விநியோகஸ்தருக்குப் பணம் தருவது ஃபண்ட் நிறுவனம். ஆலோசகருக்குப் பணம் தருவது வாடிக்கையாளர். தனிநபராகப் பதிவு பெற்ற ஆலோசகர் கமிஷன் வாங்கி விநியோகம் செய்யக் கூடாது; விநியோகஸ்தர் ‘அட்வைசர்’ என்று அட்டை அச்சடிக்கக் கூடாது. ஊரில் அந்தச் சொல்லைப் போட்டுக்கொண்டிருக்கும் பலகைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவற்றைப் பார்த்து அச்சகத்துக்குப் போய்விடாதீர்கள்.

எந்தப் பாதையில் போனாலும் கமிஷனின் வரலாற்றைத் தெரிந்துகொண்டு போங்கள். முதலீட்டாளரின் பணத்திலிருந்து முதலிலேயே பிடித்துக்கொள்ளும் நுழைவுக் கட்டணத்தை 2009 ஆகஸ்டில் செபி ஒழித்தது. 2013 ஜனவரி 1 முதல், கமிஷன் இல்லாத நேரடித் திட்டம் ஒவ்வொரு ஃபண்டிலும் வந்தது. 2018 அக்டோபரில் முன்கூட்டியே மொத்தமாகத் தரும் கமிஷன் நிறுத்தப்பட்டு, பணம் ஃபண்டில் இருக்கும் காலம் முழுவதும் சிறிது சிறிதாக வரும் டிரெயில் முறை மட்டுமே என்றாயிற்று. ‘நேரடித் திட்டத்தில் போட்டால் எனக்கு மிச்சமாமே, உங்களிடம் ஏன் வர வேண்டும்?’ என்று முதல் மாதத்திலேயே யாராவது கேட்பார்கள். அதற்கு முகம் சுளிக்காமல், ‘ஆமாம், மிச்சம்தான், அந்த வித்தியாசத்துக்கு நான் செய்யும் வேலை இது’ என்று சொல்லும்படியாக உங்களிடம் வேலை இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. இந்தத் துறைக்கு எவ்வளவு கணக்கு தேவை? (வாசகி, திண்டுக்கல்)

பத்தாம் வகுப்புக் கணக்கும், அதை விடாமல் போட்டுப் பார்க்கும் பொறுமையும் போதும். கணிப்பொறியில் ஓர் அட்டவணையைத் திறந்து கீழே உள்ள மூன்றையும் நீங்களே போட்டுப் பாருங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம்.

முதலாவது, விலைவாசி. இன்றைக்கு மாதம் 40,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு, விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், 20 ஆண்டுகள் கழித்து அதே வாழ்க்கைக்கு ஏறத்தாழ 1,28,000 ரூபாய் வேண்டும். ஓய்வுக்காலத் திட்டம் முழுவதும் இந்த ஒரு பெருக்கலின் மேல்தான் நிற்கிறது.

இரண்டாவது, சராசரி. 1 லட்சம் ரூபாய் முதல் ஆண்டு 50 சதவீதம் ஏறி, மறு ஆண்டு 50 சதவீதம் இறங்கினால் சராசரி பூஜ்யம்தானே, போட்ட பணம் அப்படியே இருக்கும் என்று தோன்றும். 1,50,000 ஆகிப் பிறகு பாதியாகும்போது கையில் இருப்பது 75,000. இதைக் கரும்பலகையில் போடும்போது வகுப்பில் ஒரு நிமிடம் அமைதி நிலவும்.

மூன்றாவதுதான் நம் ஊரில் மிக அதிகமாக ஏமாற்றும் கணக்கு. ஒருவர் ஆண்டுத் தொடக்கத்தில் 50,000 வீதம் 15 ஆண்டுகள் ஒரு சேமிப்புக் காப்பீட்டுத் திட்டத்தில் கட்டுகிறார். 15ஆம் ஆண்டு முடிவில் 11,33,000 ரூபாய் கிடைக்கிறது. கட்டியது 7,50,000, மேலே வந்தது 3,83,000. ‘பாதிக்கு மேல் லாபம், 51 சதவீதம்’ என்று விற்பவர் சொல்வார். வாங்கியவரும் நிறைவாக வீட்டுக்குப் போவார். ஒவ்வொரு 50,000மும் எத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்தது என்று பார்த்தால், ஆண்டு வருமானம் ஏறத்தாழ 5 சதவீதம்தான். அட்டவணையில் தேதிகளையும் தொகைகளையும் இட்டு, எக்ஸ்.ஐ.ஆர்.ஆர். என்ற சூத்திரத்தைக் கொடுத்தால் இந்த விடை வந்துவிடும். 5 சதவீதம் தவறு என்று நான் சொல்லவில்லை. காப்பீடும் அதனுள் சேர்ந்திருக்கிறது. 51 என்று சொல்லி 5 கொடுப்பதுதான் தவறு. வீட்டில் இருக்கும் பழைய பாலிசிப் பத்திரம் ஒன்றை எடுத்து, இந்தக் கணக்கை இன்றைக்கே போட்டுப் பாருங்கள்.

கேள்வி: பயிற்சியில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. 68 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் ஃபிக்ஸட் டெபாசிட் முதிர்ந்தபோது, அந்தப் பணத்தை யூலிப் (காப்பீடும் சந்தை முதலீடும் சேர்ந்த) திட்டத்தில் போட வைக்கும்படி என் மேலாளர் சொன்னார். போட வைத்துவிட்டேன். அதன் பிறகு தூக்கம் வரவில்லை. இலக்கை எட்டியதற்காகப் பாராட்டும் கிடைத்தது. (பெயர், ஊர் வேண்டாம்)

முதலில் தேதியைப் பாருங்கள். பாலிசி ஆவணம் அந்த அம்மையாரின் கைக்கு வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் திருப்பிக்கொடுத்து, சிறு பிடித்தம் போகப் பணத்தைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. அந்தக் கெடு இன்னும் தாண்டவில்லை என்றால், இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்கு முன்பே அவரை நேரில் போய்ப் பாருங்கள். யூலிப்பில் பணம் 5 ஆண்டுகள் பூட்டப்பட்டிருக்கும் என்பதையும், அதன் மதிப்பு சந்தையோடு ஏறி இறங்கும் என்பதையும் தமிழில், எளிய சொற்களில் சொல்லி, முடிவை அவரிடம் விடுங்கள். மேலாளர் கோபப்படுவார். நீங்கள் சொன்னதில் பொய் எதுவும் இல்லாதவரை, அந்தக் கோபத்தை எழுத்தில் கொண்டுவருவது அவருக்கும் எளிதாக இருக்காது.

அந்த அம்மையாரிடம் நீங்கள் என்ன கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் பயிற்சியில் விடுபட்ட பாடம். ஓய்வூதியம் வருகிறதா, எவ்வளவு? மருந்துச் செலவு என்ன? இந்தப் பணத்தின் வட்டியை வைத்து மாதச் செலவை ஓட்டுகிறாரா, அல்லது அது தொடாத பணமா? அவரை நம்பி யாராவது இருக்கிறார்களா? வட்டியை நம்பி வாழ்பவர் என்றால், 60 வயதைக் கடந்தவர்களுக்கான மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 லட்சம் ரூபாய் வரை போட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி பெற முடியும். அதில் உங்கள் நிறுவனத்துக்குப் பெரிய வரும்படி எதுவும் இல்லை. வங்கி வைப்பிலேயே தொடர விரும்பினால், ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான் வைப்புக் காப்பீடு உண்டு என்பதைச் சொல்லி, தேவைப்பட்டால் இரண்டு வங்கிகளில் பிரித்துப் போடச் சொல்லலாம். இவை எல்லாவற்றையும் கேட்டுப் பார்த்த பிறகும் அவருக்குச் சந்தை சார்ந்த திட்டம் பொருந்துகிறது என்று தோன்றினால், அதையே பரிந்துரைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

இன்னொன்றையும் கேட்கிறேன், பதிலை எனக்கு எழுத வேண்டாம். எவ்வளவு இழப்பைத் தாங்குவார் என்று அறிவதற்கான அவருடைய ரிஸ்க் கேள்வித்தாளை நிரப்பியது யார்? ‘சந்தை 20 சதவீதம் இறங்கினால் என்ன செய்வீர்கள்’ என்ற கேள்விக்கு ‘இன்னும் வாங்குவேன்’ என்பதை டிக் செய்தது அந்த அம்மையாரின் கையா, உங்கள் கையா? பல அலுவலகங்களில் அந்தத் தாளில் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, விற்க வேண்டிய திட்டத்துக்கு ஏற்றபடி பின்னால் நிரப்புகிறார்கள். பிற்பாடு புகார் வந்தால் நிறுவனம் எடுத்துக் காட்டப்போவது அந்தத் தாளைத்தான். உள்ளே நிரப்பிய ஊழியர் தனியாக நிற்பார். இலக்கை மறுக்க முடியாத நிலையிலும், வாடிக்கையாளரின் கேள்வித்தாளை நீங்கள் நிரப்பாமல் இருப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இலக்கே இல்லாத வேலை இந்தத் துறையில் அநேகமாகக் கிடையாது. இலக்கு இருப்பதைப் பற்றி எனக்குப் பெரிய குறை இல்லை. இந்த மாதம் இந்த ஒரு திட்டம் என்று பெயர் குறித்து வரும் இலக்கைத்தான் நான் நம்புவதில்லை. நேர்முகத் தேர்வின்போதே ‘இலக்கு மொத்தத் தொகையிலா, திட்டவாரியாகவா?’ என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டால், பதில் சொல்பவரின் முகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: 46 வயது. பத்தொன்பது ஆண்டுகளாக ஆயுள் காப்பீட்டு முகவராக இருக்கிறேன். இனிமேல் மியூச்சுவல் ஃபண்ட் பக்கம் வர முடியுமா? வருமானம் எப்படி இருக்கும்? (வாசகி, திருநெல்வேலி)

தாராளமாக வரலாம் அம்மா. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக ஊருக்குள் வீடு வீடாகப் போயிருக்கிறீர்கள்; கும்பகோணத்து இளைஞருக்கு நான் சொன்ன அந்தத் தாளை நீங்கள் பார்க்காமலேயே நிரப்பிவிடுவீர்கள். தேர்வைத் தவிர உங்களுக்குப் புதிதாக இருக்கப்போவது இரண்டு.

ஒன்று, வருமானம் வரும் வேகம். காப்பீட்டில் முதல் ஆண்டுப் பிரீமியத்தில் கணிசமான பங்கு கமிஷனாக வந்து பழகியிருக்கும். இங்கே டிரெயில் மட்டும்தான். உதாரணத்துக்கு 0.75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், வாடிக்கையாளர்கள் எல்லோருடைய பணமும் சேர்ந்து 1 கோடி ரூபாய் ஆனபோது ஆண்டுக்கு 75,000, அதாவது மாதம் 6,250 ரூபாய். 100 பேர் ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் எஸ்.ஐ.பி., அதாவது மாதத் தவணை முதலீடு போட்டால், சந்தை வளர்ச்சியைச் சேர்க்காமல் பார்த்தால், அந்த 1 கோடி சேர ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். ஆகையால் காப்பீட்டு வேலையை உடனே விட்டுவிடாதீர்கள்.

மற்றது, ‘உறுதி’ என்ற சொல். ஃபண்டுகளைப் பற்றிப் பேசும்போது அந்தச் சொல்லை வாயிலிருந்தே எடுத்துவிட வேண்டும். பங்கு ஃபண்டில் அது எல்லோருக்கும் புரிகிறது. கடன் பத்திரங்களில் பணத்தைப் போடும் கடன் ஃபண்டில்தான் சறுக்குகிறது. ‘இது எஃப்.டி. மாதிரிதான், கொஞ்சம் கூடக் கிடைக்கும்’ என்று சொல்லிச் சேர்த்தவர்கள் பலர், 2020 ஏப்ரல் 23 அன்று ஃப்ராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் இந்தியாவில் தன்னுடைய ஆறு கடன் ஃபண்டுகளை மூடுவதாக அறிவித்தபோது, பதில் சொல்ல முடியாமல் தவித்தார்கள். பணம் பின்னர் தவணை தவணையாகத் திரும்பி வந்தது உண்மைதான். ஆனால் ஊரடங்குக் காலத்தில் அவசரத்துக்கு எடுக்கலாம் என்று வைத்திருந்தவருக்கு, பின்னால் வரும் தவணையால் என்ன பயன்?

கேள்வி: சி.எஃப்.பி., சி.எஃப்.ஏ., எம்.பி.ஏ. இவற்றில் எது சிறந்தது? (வாசகர், கோயம்புத்தூர்)

குடும்பங்களோடு உட்கார்ந்து திட்டம் போட விருப்பம் என்றால் நிதித் திட்டமிடலுக்கான சான்றிதழான சி.எஃப்.பி.; பங்குகளையும் நிறுவனங்களையும் ஆராய்ந்து ஃபண்ட் நிர்வாகம் பக்கம் போக விருப்பம் என்றால் முதலீட்டு ஆய்வுக்கான சான்றிதழான சி.எஃப்.ஏ.; பெரிய வங்கியில் மேலாளராக வேண்டும் என்றால் எம்.பி.ஏ. வேலையில் சேர்ந்து ஓராண்டு கழித்து முடிவெடுங்கள். அதற்குள், பணக்கார முதலீட்டாளர்களுக்கான திட்டங்களான, குறைந்தது 50 லட்சம் கேட்கும் பி.எம்.எஸ். (தனிப்பட்ட முதலீட்டுத் தொகுப்பு நிர்வாகம்), 1 கோடி கேட்கும் ஏ.ஐ.எஃப். (மாற்று முதலீட்டு நிதி), 2025 ஏப்ரலில் வந்த 10 லட்சம் கேட்கும் எஸ்.ஐ.எஃப். (சிறப்பு முதலீட்டு நிதி) ஆகியவற்றை விநியோகிக்கத் தனித்தனிச் சான்றிதழ்கள் எழுதும்படி நிறுவனமே உங்களைத் துரத்தும்.

கேள்வி: பயிற்சி வகுப்பில் உயில், நாமினி, வாரிசுரிமை என்று சட்டம் நடத்துகிறார்கள். அது வழக்கறிஞரின் வேலையல்லவா? (வாசகர், மதுரை)

அதையெல்லாம் நடத்தும் நிறுவனத்தில் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. உயில் எழுதிக் கொடுப்பது வழக்கறிஞரின் வேலை. உயில் தேவை என்று கண்டு சொல்வது உங்கள் வேலை.

நாமினி என்றால் அந்தப் பணம் அவருக்கே சொந்தம் என்று படித்தவர்களும் நம்புகிறார்கள். பொதுவாக நாமினி என்பவர் பணத்தைப் பெற்று, சட்டப்படியான வாரிசுகளுக்குச் சேர்ப்பிக்க வேண்டியவர். பங்குகளுக்கும் இதுவே பொருந்தும் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் அந்தப் பணம் அவர்களுக்கே உரியது. திருமணத்துக்கு முன் தொடங்கிய கணக்கில் தம்பியை நாமினியாகப் போட்டுவிட்டு, மனைவி பெயருக்கு மாற்றாமலே இறந்துபோனவர்களின் வீட்டில் என்ன நடக்கும் என்பதை உங்கள் ஊரிலேயே பார்த்திருப்பீர்கள். இப்போது வங்கிக் கணக்கில் நான்கு பேர் வரையும், மியூச்சுவல் ஃபண்டில் பத்துப் பேர் வரையும் நாமினி போடலாம் என்று வந்திருப்பதால், பழைய வாடிக்கையாளரைப் போய்ப் பார்ப்பதற்கு உங்களுக்கு ஒரு நல்ல காரணமும் கிடைத்திருக்கிறது.

உயிலுக்கு இரண்டு சாட்சிகள் வேண்டும், பதிவு செய்வது கட்டாயம் இல்லை என்ற அளவாவது தெரிந்திருக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் பங்கு பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கு உரிமை தரும் திருத்தத்தைத் தமிழ்நாடு 1989ஆம் ஆண்டிலேயே, அப்போது மணமாகியிருந்தவர்களை விலக்கி, கொண்டுவந்தது. நாடு முழுமைக்கும் 2005இல்தான் வந்தது. ‘பொண்ணுக்குக் கல்யாணத்தப்பவே செஞ்சாச்சு சார்’ என்று ஒரு தந்தை சொல்லும்போது, வாதம் செய்யாமல், ‘அதை உயிலில் எழுதி வைத்துவிட்டீர்களா?’ என்று மட்டும் கேளுங்கள். அடுத்த சந்திப்பை அவரே கேட்டு வாங்குவார்.

கேள்வி: உங்களுக்கு முதலில் கிடைத்த பயிற்சி எப்படி இருந்தது? அது உதவியதா? (வாசகி, தஞ்சாவூர்)

நான்கு நாட்கள், குளிரூட்டிய அறை, மதியம் நல்ல சாப்பாடு. ஐந்தாம் நாள் நங்கநல்லூரில் ஓய்வுபெற்ற அஞ்சலக அதிகாரி ஒருவரின் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொண்டுபோன விளக்கப் புத்தகத்தை விரித்து நான் இருபது நிமிடம் பேசினேன். அவர் முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய், ஒரு மஞ்சள் பையை எடுத்துவந்தார். அதில் ரப்பர் வளையம் போட்ட வைப்பு ரசீதுகள் இருந்தன. குத்திய குண்டூசி துருப்பிடித்து, தாளில் பழுப்பாக இறங்கியிருந்தது. தொண்ணூறுகளில் சென்னையில் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்ட நிதி நிறுவனங்களில் ஒன்று கொடுத்தவை அவை. ‘இதுல ஏதாவது வருமா தம்பி?’ என்று கேட்டார்.

என் புத்தகத்தில் அதற்குப் பக்கம் இல்லை. அப்படிப் பணம் இழந்தவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு 1997இல் வைப்பீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்திருந்தது. நிறுவனத்தின் சொத்துகளை முடக்கி, சிறப்பு நீதிமன்றத்தின் வழியாக விற்று, வைப்பீட்டாளர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அதில் வழி இருந்தது. பொருளாதாரக் குற்றப் பிரிவில் அவர் புகார் பதிந்திருக்கிறாரா, அந்த நிறுவனத்தின் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்துச் சொல்லியிருந்தாலே போதும். எனக்கு அந்தச் சட்டத்தின் பெயர்கூடத் தெரியாது. ‘பார்த்துச் சொல்கிறேன் சார்’ என்று சொல்லிவிட்டு வந்தவன், அவரால் வியாபாரம் எதுவும் ஆகாது என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு, திரும்பிப் போகவே இல்லை.

சட்டத்தைப் பற்றி நான் தெரிந்துகொண்டபோது நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டிருந்தன. நங்கநல்லூருக்குப் போனேன், வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. இப்போது நான் நடத்தும் வகுப்பில் முதல் நாள் காலை, திட்டங்களைப் பற்றிப் பேசுவதற்கு முன், அது போன்ற பழைய ரசீது ஒன்றின் நகலை ஒவ்வொருவர் மேசையிலும் வைத்து, இதைக் கொண்டுவருபவருக்கு என்ன சொல்வீர்கள் என்று எழுதச் சொல்கிறேன். ‘எங்கள் நிறுவனத்தில் இப்படி நடக்காது சார்’ என்றுதான் அநேகமாக எல்லோரும் எழுதுகிறார்கள்.